ஒற்றை இலுப்பையும் ஓர் உலர்ந்த கிளையும்

கைத்தறிச் சங்கங்களின் அலமாரியில் மாதிரித் துணி வைத்திருக்கும் வழக்கத்தை நெசவாளர் அனைவரும் அறிவர். கரையின் அகலம் இன்னது, முந்தியின் வரி இன்னது, அங்குலத்திற்குப் பாவு இத்தனை, ஊடை இத்தனை என்று வாய்ப் பேச்சில் தீராத வழக்கு, அந்த ஒரு முழத் துணியை எடுத்து விரித்த மாத்திரத்தில் தீர்ந்துவிடும். தாவரங்களுக்கும் அத்தகைய அலமாரி உண்டு. ஹெர்பேரியம் என்னும் உலர்தாவர நிலையமே அது. ஏறத்தாழ 185 வருஷ காலம் எந்த ஆராய்ச்சியாளர் கண்ணிலும் படாதிருந்த ஓர் இலுப்பை இனம், அத்தகைய மாதிரி ஒன்றின் துணையால் இன்னதென்று தெளியப்பட்ட வரலாற்றை இங்கு அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இலுப்பையைப் பற்றி நம் விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதன் எண்ணெயில் கோயில் விளக்குகள் எரிந்தன. பிண்ணாக்கு தலைமுழுக்குக்கு உதவிற்று. ஆலையில்லா ஊருக்கு அதன் பூவே சர்க்கரை என்ற பழமொழியும் நம்மிடையே வழங்குகிறது. தாவர நூலார் இம்மரத்தை ‘மதூகா’ என்னும் பேரினத்தில் சேர்த்துள்ளனர். அப்பேரினத்தில் நம் ஊர் இலுப்பைக்கு உறவினர் பலர் உளர். சில இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேல்கடலுக்கும் இடைப்பட்ட சிறு நிலப்பரப்பில் மட்டுமே வாழ்பவை. நாம் கூறவந்த ‘மதூகா டிப்ளோஸ்டேமோன்’ அவற்றுள் ஒன்று.

இம்மரத்தின் கிளையை 1835-ஆம் ஆண்டு கொல்லத்தில் சேகரித்தவர் ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ வைத்தியராக 1819-இல் சென்னை வந்தவர் அவர். வைத்தியம் அவருக்கு உத்தியோகம். செடி கொடிகளே அவருக்கு உயிர். 1831-இல் விடுப்பில் தாய்நாடு சென்றபோது அவர் கொண்டுபோன உலர்ந்த மாதிரிகள் ஏறக்குறைய ஒரு லட்சம். எடை இரண்டு டன் என்பர். இவற்றையெல்லாம் அவர் ஒருவரே பறித்தார் என்று எண்ணிவிடலாகாது. நாட்டு ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியே பெரும்பகுதியைச் சேர்த்தார். அவருக்காகச் செடிகளின் சித்திரம் தீட்டிய ரங்கய்யா, கோவிந்து ஆகிய இருவரும் நம் நாட்டுக் கலைஞரே. வைட் வெளியிட்ட ‘ஐகோனெஸ்’ என்னும் நூலின் ஆறு பாகங்களில் 2,101 படங்கள் உள்ளன. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார் வைட். கூலி கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்காத அக்குணத்தை நாம் பாராட்டாமலிருக்க முடியவில்லை.

பருத்தி விளைவிப்போர் இதனையும் அறிந்திருத்தல் நலம். அமெரிக்கப் பருத்தியை நம் மண்ணில் பயிராக்கிப் பார்க்கக் கம்பெனியார் கோயம்புத்தூரில் பண்ணை வைத்தபோது, 1842 முதல் அதனை மேற்பார்த்தவரும் இந்த வைட்டே ஆவார்.

மாதிரி செய்யும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டும். பூவும் இலையும், கிடைத்தால் காயும் கூடிய சிறு கிளையைப் பழந்தாள்களுக்கிடையே பரப்பி, மேலே பலகை வைத்து இறுக்குவர். நாள்தோறும் ஈரத்தாளை நீக்கி உலர்ந்த தாளை மாற்றுவர். ஈரம் முற்றும் வற்றியபின், சுமார் 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தடித்த தாளில் ஒட்டி, தடித்த காம்புகளை நூலால் தைத்து நிறுத்துவர். நெசவாளர் கைநூல் அங்கும் வேலை செய்கிறது! தாளின் மூலையில் ஒரு சீட்டு: எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்தது, மரம் எவ்வளவு உயரம், பூ என்ன நிறம். இச்சீட்டு இல்லாத கிளை வெறும் சருகே. பூச்சி அரிக்காமல் காத்தால் இத்தாள் இருநூறு முந்நூறு வருஷமும் நிற்கும்.

கொல்லத்துக் கிளையும் அவ்வாறே நின்றது. அதற்கு ஓர் இனமெனப் பெயர் வைத்து விவரணம் எழுதியவர் கிளார்க் என்பவர். ஹூக்கர் தொகுத்த இந்தியத் தாவர நூலில் 1882-இல் அது வெளியாயிற்று. மரத்தைப் பார்த்து எழுதியதன்று. பறித்து 47 வருஷம் சென்றபின் தாளைப் பார்த்து எழுதியதே. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அதனை இலுப்பையோடு சேர்த்தனர். ‘டிப்ளோஸ்டேமோன்’ என்ற கிரேக்கப் பெயருக்கு ‘இரட்டை மகரந்தத் தாள் உடையது’ என்று பொருள். ‘ஸ்டேமோன்’ என்ற சொல்லின் பழம்பொருள் என்ன தெரியுமோ? நிமிர்ந்த தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்! பூவினுள் நிற்கும் மெல்லிய இழைகளைக் கண்டு, தாவர நூலார் தறியின் சொல்லையே கடன் வாங்கிக்கொண்டனர்.

அதன் பிறகு அம்மரம் யாருக்கும் அகப்படவில்லை. கொல்லம் கடற்கரை தென்னையும் வீடுகளும் நெருங்கிய நாடு. தனித்து நிற்கும் காட்டு மரத்துக்கு அங்கே இடம் குறைவு. இனம் அற்றே போயிற்று என்று அறிஞர் அஞ்சினர். இந்நிலையில் 2020-இல், திருவனந்தபுரம் ஜில்லா பாலோட்டிலுள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார் அதனைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். கண்ட இடம் கொல்லத்துக்குத் தெற்கே பரவூரில், கூனயில் ஆயிரவில்லி சிவன் கோயிற் காவு. மலையாளத்தில் அதன் பெயர் ‘காவிலிப்ப’; காவில் நிற்கும் இலுப்பை என்பதே பொருள். அறிவிப்பு வெளியானபோது தெரிந்திருந்தது அந்த ஒரே மரம்.

தெய்வத்துக்கு விட்ட தோப்பில் கோடரி நுழைவதில்லை. மரத்தைக் காத்தது அந்தப் பக்தி. ஆனால் அது இன்ன மரம் என்று சொல்லியது தாளிலிருந்த கிளையே. அக்கிளை இல்லையேல், வழிபட வருவோருக்கு அது பத்தோடு பதினொன்றான ஓர் இலுப்பை. ஆராய்ச்சியாளருக்கோ பெயரற்ற ஒரு மரம். உலர்ந்த மொட்டையும் வெந்நீரிலிட்டால் இளகிவிடும். ஊசி முனையால் இதழ்களைப் பிரித்து, மகரந்தத் தாள்களை எண்ணிப் பார்க்கலாம். பழைய இலைத் துணுக்கிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்துப் பரிசோதிக்கும் வித்தையும் இன்று கைவந்துள்ளது. 1835-இல் கிளை ஒடித்தவர்கள் இதனைக் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். தாளிலுள்ள கிளை முளைக்காது. ஒரு புயலோ, ஒரு நோயோ, கோயில் திருப்பணிக்கு இடம் போதவில்லை என்ற ஓர் எண்ணமோ போதும். ஒற்றை மரம் சாய்ந்தால் மிஞ்சுவது மறுபடியும் அலமாரித் தாள்தான். ஆதலால் விதையாலும், ஆய்வுக்கூடத் திசு வளர்ப்பாலும் கன்றுகளை உண்டாக்கிப் பிற இடங்களில் நடுவதே செய்யத்தக்கது. பாலோட்டு நிலையத்தாரின் நோக்கமும் அதுவே. ஒரே மரத்தின் வழிவந்த கன்றுகள் குணத்தில் வேறுபாடு குறைந்தவை. ஒரே விதையை ஊரெங்கும் விதைத்துப் பூச்சிக்குப் பறிகொடுத்த குடியானவருக்கு அதன் அபாயத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது மரம் ஒன்று எங்கேனும் கிடைக்குமாயின் அதன் மதிப்பு பொன்னினும் மேலாகும்.

நம் பக்கத்திலும் இவ்வகை அலமாரி உண்டு. 1853-இல் சென்னையில் தொடங்கிய ‘மதராஸ் ஹெர்பேரியம்’ 1909-இல் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரிக்கு வந்தது. 1955 முதல் இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் தென்மண்டலப் பிரிவில் அது சேர்ந்துள்ளது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தாள்கள் அங்குள்ளன. பஞ்சு விற்கவும் நூல் வாங்கவும் கோவை செல்லும் நம்மவரில் எத்தனை பேர் இதனைக் கேள்வியுற்றிருப்பர்?

ஐயனார் தோப்பிலோ, ஏரிக்கரையிலோ, பெயர் தெரியாத மரம் ஒன்று நிற்குமானால் அங்கத்தினர் செய்யக்கூடியது இவ்வளவே. தோப்புக்குரியவரிடம் அனுமதி பெற்று, பூத்த காலத்தில் ஒரு முழத்துக்கு மிகாத ஒரே கிளையை எடுத்து, செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தலாம். காப்புக் காட்டில் இவ்வேலை கூடாது. அது சட்ட விரோதம். ஊர், தேதி, இடம், மண், பூவின் நிறம், மணம், ஊரார் வழங்கும் பெயர் இவற்றை அன்றைக்கே எழுதிவிடவேண்டும். உலர்ந்தபின் பூவின் நிறமும் மணமும் தங்குவதில்லை. மரம் பெரிதும் அரியதாகத் தோன்றினால் கிளையை ஒடிக்காமல், கீழே உதிர்ந்த பூவையும் காயையும் காகிதப் பையிலிட்டு, நிற்கும் மரத்தைப் படம் எடுத்து, நிலையத்தாரைக் கலந்துகொள்வதே உத்தமம்.