ஷோரூம் கேட்டுக்குள் ஒரு சார்ஜர்: நம்பிப் போகலாமா?

எலெக்ட்ரிக் கார் வாங்கிய வீட்டில் வெளியூர்ப் பயணம் என்றாலே, முதல் வேலை ஆப்பைத் திறந்து வழியில் சார்ஜர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான். அதில் தெரியும் பச்சைப் புள்ளிகளைத் தட்டிப் பாருங்கள். ஹோட்டல், பெட்ரோல் பங்க், மால் போக, நிறைய புள்ளிகள் கார் ஷோரூம் முகவரியைக் காட்டும். மேப்பில் எல்லாப் புள்ளியும் ஒரே பச்சைதான். ஆனால், ஷோரூம் சார்ஜருக்கு முன்னால் ஒரு கேட் இருக்கிறது. அந்த கேட்டுக்கு ஒரு பூட்டும் இருக்கிறது.

இரவு ஒன்பது மணி, பின் சீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள், பேட்டரியில் 14 சதவிகிதம். இந்த நேரத்தில் அந்தப் பூட்டின் முன்னால் போய் நிற்பதைப்போல சங்கடம் வேறில்லை. வாட்ச்மேன் நல்லவராகவே இருப்பார். சாவிதான் அவரிடம் இருக்காது.

ஷோரூமில் சார்ஜர் வைப்பது முதலில் நமக்காக அல்ல, அவர்களுடைய வேலைக்காக. டெஸ்ட் டிரைவ் வண்டிக்கு சார்ஜ் வேண்டும். சர்வீஸுக்கு வரும் வண்டிக்கு வேண்டும். டெலிவரி கொடுக்கும் புது வண்டியைக் காலி பேட்டரியோடு கொடுக்க முடியாது. நம் ஊரில் டெலிவரி என்றால் நாள், நட்சத்திரம் பார்க்காமல் நடக்குமா? ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்களிலும், முகூர்த்த நாள் காலையிலும் ஷோரூம் வாசலில் மாலை போட்ட கார்கள் வரிசை கட்டும். அதற்கு முந்தைய நாள் மாலை அங்கே சார்ஜர் காலியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அஷ்டமி, நவமியில் போனால் ராஜமரியாதை கிடைக்கலாம். இது விளையாட்டாகச் சொன்னதல்ல, காலண்டரைப் பார்த்துவிட்டே கிளம்பலாம்.

சரி, இடம் காலியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, அங்கே இருப்பது எந்த சார்ஜர்?

சுவரில் மாட்டிய சிறிய பெட்டி என்றால் பெரும்பாலும் 7 கிலோவாட் ஏ.சி சார்ஜர். ஆளுயரத்துக்கு, தடிமனான கேபிளோடு நின்றால் டி.சி ஃபாஸ்ட் சார்ஜர். அதிலும் 25, 30, 60 கிலோவாட் என்று பல ரகம். வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்கு போடலாம். 45 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியை 20 சதவிகிதத்திலிருந்து 80 வரை ஏற்ற 27 யூனிட் தேவை. வீட்டு 15 ஆம்பியர் ப்ளக்கில் இதற்கு ஒன்பது மணி நேரம், அதாவது ஓர் இரவு. 7 கிலோவாட் பெட்டியில் நான்கு மணி நேரம். 30 கிலோவாட்டில் சுமார் ஒரு மணி நேரம். 60 கிலோவாட்டில் அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். ஆக, ‘சார்ஜர் இருக்கிறது’ என்ற ஒரே பதிலுக்குள் ஒரு காபியும் அடங்கும், ஒரு பகல் பொழுதும் அடங்கும். போனில் விசாரிக்கும்போது கிலோவாட் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

80 சதவிகிதத்தைத் தாண்டியதும் பேட்டரியைக் காப்பாற்ற காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவிகிதத்துக்குக் காத்திருப்பது நேர விரயம். பின்னால் இன்னொருவர் காத்திருந்தால், அது நாகரிகமும் அல்ல.

உங்கள் கார் எதை ஏற்கும் என்பதும் முக்கியம். இன்று இந்தியாவில் விற்கும் பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களுக்கு சி.சி.எஸ்-2 என்ற ஒரே வகை சாக்கெட். டாடா காருக்கான கன், மஹிந்திரா காரிலும் ஹூண்டாய் காரிலும் பொருந்தும். எம்.ஜி காமெட் போன்ற சிறிய காரில் டி.சி ஃபாஸ்ட் சார்ஜிங் வசதியே கிடையாது. அதை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரைத் தேடிப் பயனில்லை.

கன் பொருந்தினாலும் மனசு பொருந்த வேண்டுமே! ‘நம்ம கம்பெனி வண்டிக்கு மட்டும்தான் சார்’ என்று சொல்லும் ஷோரூம்களும் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் கொடுப்பவையும் உண்டு. இதில் ஸ்கூட்டர்காரர்கள் பரவாயில்லை. ஏத்தரும் ஹீரோவின் விடாவும் ஒரே வகை ஃபாஸ்ட் சார்ஜிங் கனெக்டரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹூண்டாய் 2024-ல் சென்னை ஸ்பென்சர் பிளாசாவில் 180 கிலோவாட் நிலையத்தைத் திறந்தபோது, எந்த கம்பெனி காரும் வரலாம் என்றது. அது ஷோரூம் அல்ல, மால் என்பதைக் கவனியுங்கள். கேட் பிரச்னை அங்கே இல்லை.

டீலர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு 60 கிலோவாட் சார்ஜர் என்பது சுமார் 20 வீடுகளின் மின் லோடு. அதற்கு அனுமதி வாங்க வேண்டும், சில இடங்களில் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். யாரும் சார்ஜ் போடாத மாதத்திலும் நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2022-ல், எலெக்ட்ரிக் கார் விற்க விரும்பும் டீலர்கள் லட்சக்கணக்கான டாலர் முதலீடு செய்து பொதுமக்களுக்கான ஃபாஸ்ட் சார்ஜரும் வைக்க வேண்டும் என்றது. டீலர்கள் கொதித்தார்கள், சில மாநிலங்களில் வழக்குகூடப் போட்டார்கள். 2024-ல் ஃபோர்டு அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

இந்தியாவில் சட்டம் தடையாக இல்லை. வண்டிக்கு சார்ஜ் போடுவது மின்சார விற்பனை அல்ல, சேவைதான்; அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. சேவை என்பதால் 18 சதவிகித ஜி.எஸ்.டி உண்டு. யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால், நாம் மேலே போட்ட 27 யூனிட்டுக்கு 540 ரூபாய், வரியோடு 637 ரூபாய். ஆப்பில் போடும் விலை வரி சேர்த்ததா, சேர்க்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும், பகலில் ஷோரூமைவிட வசதியான சார்ஜிங் இடம் அரிது. சுத்தமான கழிவறை, குளுகுளு ஹால், குடிநீர், உட்கார சோபா, கேமரா, செக்யூரிட்டி எல்லாம் இருக்கும். தனியாக கார் ஓட்டிச் செல்லும் பெண்ணுக்கும், மருந்து வேளை தவறக்கூடாத பெரியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கும் இவை சின்ன விஷயங்கள் அல்ல. நெடுஞ்சாலை ஓரம் ஷெட்கூட இல்லாமல், சித்திரை வெயிலில் நிற்கும் சார்ஜரில் ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என்னைக் கேட்டால், அந்த மெஷினைப் பத்தடி முன்னால் நகர்த்தி, காம்பவுண்டுக்கு வெளியே, சாலையைப் பார்த்து வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். பணம் ஆப்பில் போய்விடுகிறது, ஆள் தேவையில்லை. இரவில் பூட்டிக் கிடக்கும் 12 மணி நேரமும் அது சம்பாதிக்கும். ஆனால், அதை டீலரிடம் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். கேட்க சரியான நேரம், புக்கிங் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு. ‘சார்ஜர் எத்தனை கிலோவாட், ராத்திரி திறந்திருக்குமா, ஞாயிற்றுக்கிழமை உண்டா, வேறு ஊர் ஷோரூமிலும் எனக்குக் கொடுப்பார்களா?’ என்ற நான்கு கேள்விகளுக்கும் பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் புன்னகை மட்டும்தான் கிடைக்கும்.

ஏற்கெனவே கார் வாங்கிவிட்டவர்கள், கிளம்புவதற்கு முன்பு அந்த ஷோரூமுக்கு ஒரு போன் போடுங்கள். ஆப்பில் ‘வேலை செய்கிறது’ என்று இருப்பது மெஷினைப் பற்றிய தகவல் மட்டுமே, கேட்டைப் பற்றியது அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தனி ஆப், தனி வாலட் வைத்திருப்பதால், இரண்டு மூன்றை முன்பே டவுன்லோடு செய்து கொஞ்சம் பணம் போட்டு வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஓ.டி.பி-க்காக நிற்பது பெரிய கொடுமை. மாலை ஏழு மணிக்கு மேல் போய்ச் சேருவதாக இருந்தால், 20 கிலோமீட்டருக்குள் கேட் இல்லாத இன்னொரு சார்ஜர் எங்கே என்று பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.