250 சிசி ஆசையும் அப்பாவின் கப்சாயும்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே என் கைப்பேசியின் முகப்புப் படத்தை மாற்றிவிட்டேன். நீல நிற யமஹா ஆர்25. இரட்டை முன்விளக்கு, முன்னால் சாய்ந்து உட்காரும் இருக்கை. தோழிகள் யாருடைய மோட்டார் என்று கேட்டால், "இப்போதைக்கு யாருடையதும் இல்லை" என்பேன்.

வீடு கிள்ளானில், படிப்பது செர்டாங்கில். கொமுட்டர் ரயிலில் கே.எல்.சென்ட்ரல் வரை வந்து, அங்கே வேறு ரயில் மாறி, இறங்கிய பிறகு வளாகத்துக்குப் பேருந்து தேட வேண்டும். காலை எட்டு மணி வகுப்புக்கு ஐந்தே காலுக்கு எழுந்த நாட்கள் உண்டு. மோட்டார் இருந்தால் பாதி நேரம் மிச்சம் என்பது என் வாதம். அதில் உண்மையும் இருந்தது, கொஞ்சம் ஆசையும் கலந்திருந்தது.

வார இறுதியில் டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் பி2 உரிமத்துக்குப் பதிந்தேன். கணினித் தேர்வில் 50 கேள்விகளுக்கு 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதைத் தாண்டி எல் உரிமம் கைக்கு வந்த அன்றே கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கினேன். அடுத்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டதை, என்னைப் போலவே முகப்புப் படம் வைத்திருக்கும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

உரிமம் சொல்வதும் சொல்லாததும்

பி2 உரிமம் இருந்தால் 250 சிசி வரை எந்த மோட்டாரையும் ஓட்டலாம். சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. ஆனால் நான் படித்த பயிற்சி நிலையத்தில் எங்களுக்குக் கொடுத்தது பழைய கப்சாய். கியரைக் காலால் மாற்றலாம், கையில் கிளட்ச் கிடையாது. குறுகிய இரும்புப் பலகைமேல் கால் ஊன்றாமல் மெதுவாகப் போக வேண்டும். கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். இரண்டும் நல்ல பயிற்சிதான். ஆனால் அந்தப் பலகையைக் கடந்தவுடன், வாழ்நாளில் கிளட்ச் பிடித்தே பார்க்காத ஒருவர் கடைக்குப் போய் 250 சிசி ஸ்போர்ட் மோட்டாரை வாங்கிவிட முடியும். அந்த ஒருவர் நானாக இருந்திருப்பேன்.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். அப்பாவிடம் இருப்பது ஹோண்டா இ.எக்ஸ்.5. எடை ஏறக்குறைய நூறு கிலோ, சக்தி எட்டுக் குதிரைத்திறனை ஒட்டி. 150 சிசி வகை ஸ்போர்ட் மோட்டார்கள் 140 கிலோவை ஒட்டி இருக்கும். அவற்றில் யமஹா ஆர்15இன் சக்தி சுமார் 19 குதிரைத்திறன். ஆர்25 இரண்டு சிலிண்டர் எஞ்சின். எடை 160 கிலோவைத் தாண்டும், சக்தி 35 குதிரைத்திறன் அளவில். அதாவது, பயிற்சியில் ஓட்டியதைவிட நாலு மடங்கு சக்தியுள்ள ஒன்றின்மேல் முதல் நாளே ஏறி உட்கார ஆசைப்பட்டேன்.

சக்தி ஒருபுறம் இருக்கட்டும், உட்காரும் முறையே வேறு. கப்சாயில் முதுகு நிமிர்ந்திருக்கும். ஸ்போர்ட் மோட்டாரில் கைப்பிடி தாழ்வாக இருப்பதால் உடல் எடையில் ஒரு பகுதி மணிக்கட்டில் இறங்கும். கைப்பிடி இரு பக்கமும் அதிகம் திரும்பாது. அதனால் யூ வளைவு எடுக்கக் கூடுதல் இடம் வேண்டும். நெரிசலில் நின்று நின்று போகும்போது கிளட்ச் பிடிக்கும் இடது கை வலிக்கும். விளம்பரப் படத்தில் காலியான மலைப்பாதைதான் வருகிறது. நான் போகவேண்டியதோ கூட்டரசு நெடுஞ்சாலை.

திடலில் நடந்தது

என் பெரியம்மா மகன் எனக்கு ஆறு வயது மூத்தவர். அண்ணன்தான் எனக்குக் கிளட்ச் சொல்லித்தர ஒப்புக்கொண்டார். தன் நண்பரின் ஆர்25ஐ வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிறு காலை ஆளில்லாத திடலுக்கு வந்தார்.

"பாப்பா, முதல்ல ஏறி உட்காரு. ரெண்டு காலும் தரையில படுதா பாரு."

இருக்கை உயரம் 780 மில்லிமீட்டர். ஸ்போர்ட் மோட்டார்களில் இது தாழ்வானதுதான். ஆர்15 815 மில்லிமீட்டர். என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். கால் விரல்கள் மட்டும் பட்டன. பரவாயில்லை என்று நினைத்தேன்.

கிளட்சை மெல்ல விடும்போது, ஓரிடத்தில் எஞ்சினின் இழுவை சக்கரத்துக்குப் போகத் தொடங்கும். அந்த இடத்தைக் கை தானாகவே கண்டுபிடிக்க வேண்டும். பத்து முறை எஞ்சின் அணைந்தது. பதினோராவது முறை நகர்ந்தேன். அரை மணி நேரத்தில் இரண்டாம் கியர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு யூ வளைவு. நடந்துபோகும் வேகம்தான். பாதி வளைவில் பயந்து முன் பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் அந்தப் பக்கமே சாயும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கால் ஊன்றப் பார்த்தேன். விரல் நுனியால் 160 கிலோவைத் தாங்க முடியுமா? மோட்டார் மெதுவாக, மிக மெதுவாகப் படுத்தது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். மோட்டாருக்குப் பிரேக் லீவர் உடைந்தது, பக்கவாட்டுக் கவரில் நீளக் கீறல். எல்லாம் சேர்த்து 220 ரிங்கிட். என் இரண்டு வார டியூஷன் பணம். கப்சாய் விழுந்தால் தூக்கி நிறுத்திவிட்டுப் போய்விடலாம். ஸ்போர்ட் மோட்டாரில் உடம்பு முழுவதும் பிளாஸ்டிக் கவர். புதிதாக ஓட்டுபவர் ஒரு முறையாவது கீழே போடுவார் என்பதை வாங்கும்போதே கணக்கில் வைக்க வேண்டும்.

அண்ணன் சொன்னது

அண்ணன் திட்டவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, கால்சட்டையை வலது முழங்காலுக்கு மேல் சுருட்டினார். அந்தத் தழும்பை முன்பே பார்த்திருக்கிறேன். அதன் கதையை அவர் வாயால் கேட்டதில்லை.

பத்தொன்பது வயதில், பி உரிமத்தில் இருந்தபோது 250 வாங்கினார். மூன்றாவது மாதம், மழை விட்ட மாலை. சந்திலிருந்து ஒரு கார் திரும்பியது.

"தப்பு கார்காரர் மேலதான். கோர்ட்ல கேட்டாலும் அதான் சொல்லுவாங்க. ஆனா நான் முன் பிரேக்கை ஒரே பிடியா பிடிச்சேன். சக்கரம் பூட்டிக்கிச்சு. கார்ல மோதுறதுக்கு முன்னாலயே நான் ரோட்ல சறுக்கிக்கிட்டு இருந்தேன். தொண்ணூறுல போனேன், பாப்பா. அறுபதுல போயிருந்தா நின்னிருப்பேன்."

வீட்டுக்கு வந்து அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரேக் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்று இயற்பியலில் படித்திருக்கிறோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கத் தேவைப்படும் தூரத்தைப் போல 90இல் இரண்டேகால் மடங்கு வேண்டும். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஒரு காலில் இரும்புத் தண்டாக அதைப் பார்த்தது அன்றுதான்.

பிரேக் பிடித்தால் எடை முன்சக்கரத்துக்குப் போகும். அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதைப் பயன்படுத்தாமல் இருக்கவும் முடியாது, திடீரென்று கவ்விப் பிடிக்கவும் கூடாது. படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும். ஏபிஎஸ் வசதி சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அண்ணனின் மோட்டாரில் அது இல்லை. அன்றிலிருந்து எந்த மோட்டாரைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி அதுதான்.

நம் நாட்டில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் சாலை விபத்தில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். செய்தியில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன எண்.

அன்று மாலை வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மோட்டார்?" என்றார். அம்மாவும் அதையே சொல்வார் என்று எதிர்பார்த்து சண்டைக்குத் தயாரானேன்.

"பொம்பளைப் பிள்ளைன்னு நான் சொல்லல," என்றார் அம்மா. "அவன் ஆப்பரேஷன் அன்னைக்கு உன் பெரியம்மா பக்கத்துல ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியில இன்னொரு தடவை என்னால உட்கார முடியாது."

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் எந்த வாதமும் இல்லை.

தவணைக் கணக்கு

இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. ஒரு கடையில் 13,000 ரிங்கிட் விலையுள்ள 150 சிசி மோட்டாருக்கு, "ஆயிரம் கட்டினா போதும், மாசம் 290தான்" என்றார்கள். ஐந்து ஆண்டுகள். 290ஐ 60ஆல் பெருக்கினால் 17,400. முன்பணத்தோடு 18,400. மோட்டாரின் விலைக்கு மேல் 5,400 ரிங்கிட் போகிறது. அது எனக்கு ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவு. 'மாதம் எவ்வளவு' என்று கேட்காதீர்கள், 'மொத்தம் எவ்வளவு' என்று கேளுங்கள்.

சாலை வரியும் தெரிந்துகொள்ள வேண்டியது. தீபகற்பத்தில் 150 சிசி வரை ஆண்டுக்கு 2 ரிங்கிட். 151 முதல் 200 வரை 30 ரிங்கிட். 201 முதல் 250 வரை 50 ரிங்கிட். அதனால்தான் 149 சிசி சிபிஆர்150ஆருக்கு 2 ரிங்கிட்டும் 155 சிசி ஆர்15க்கு 30 ரிங்கிட்டும் ஆகிறது. இது பெரிய தொகையில்லை. காப்பீடு, டயர், சங்கிலி, எண்ணெய், மழைக்கோட்டு, சிரிம் முத்திரையுள்ள நல்ல தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் காலணி எல்லாம் சேரும்போதுதான் கை கடிக்கும். மோட்டாருக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டுச் செருப்போடு ஓட்டுபவர்களைத் தினமும் பார்க்கிறோம்.

நான் எடுத்த முடிவு

பிறகு நானும் பெற்றோரும் மேசையில் உட்கார்ந்து பேசினோம். ஆறு மாதம் அப்பாவின் இ.எக்ஸ்.5இல் ஓட்டிப் பழகுவது. அதற்குள் பி உரிமம் எடுப்பது. ஒரு முறைகூட விழவில்லை என்றால், கடன் இல்லாமல், கால் எட்டும் உயரத்தில், ஏபிஎஸ் உள்ள 150 சிசி மோட்டார் வாங்குவது. 250 பற்றிய பேச்சு பி முடிந்த பிறகு.

முதலில் எனக்கு இது தோல்வியாகப்பட்டது. தமிழ்ப்பள்ளிக்கு என்னை ஏற்றிப்போன அதே கப்சாயில் நானே போவதை நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் அந்த ஆறு மாதத்தில், லாரிக்குப் பக்கத்தில் போகும்போது காற்று எப்படித் தள்ளும், மழையில் சாலைக்கோடு எப்படி வழுக்கும், எந்தச் சந்தில் கார்கள் விளக்குப் போடாமல் திரும்பும் என்பதெல்லாம் தெரிந்தது. கிளட்சோடும் எடையோடும் போராடிக்கொண்டே இதையும் கற்றிருக்க முடியாது.

சென்ற மாதம் பழைய 150 சிசி ஸ்போர்ட் மோட்டார் ஒன்றை 6,800 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். 5,300 என் சேமிப்பு, மீதி அப்பாவிடம் கடன். வாங்கும்முன் நானும் அண்ணனும் சரிபார்த்தவை இவை:

• சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்டில் உள்ளபடி இருக்கின்றனவா?
• கட்டாத சம்மன், தீராத வங்கிக் கடன் உண்டா?
• கைப்பிடியின் முனைகளிலும் லீவரிலும் விழுந்த தடயம் உண்டா?
• எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரே அழுத்தத்தில் உயிர் பெறுகிறதா?
• டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது? ஏபிஎஸ் விளக்கு ஓட்டத் தொடங்கியதும் அணைகிறதா?
• இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் நன்றாக ஊன்றுகிறதா?

கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்ததால், எனக்கு மிகவும் பிடித்த இரண்டு மோட்டார்களை விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் எங்கள் தாமானுக்குள்ளேயே கிளட்ச் பழகினேன். முதல்முறை வளாகத்துக்குக் கிளம்பிய காலை, அப்பா என்னை முன்னால் விடவில்லை. அவர் வேலை சுபாங் பக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் போய்வருபவர். 1970களில் நாட்டில் முதன்முதலாக மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித் தடம் போட்ட சாலை அது. எங்கே வளைவு திடீரென்று வரும், எந்தச் சுரங்கத்தில் தண்ணீர் தேங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் இ.எக்ஸ்.5இல் முன்னால், நான் பின்னால். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களை முந்திப் போனார்கள்.

பத்து தீகாவுக்கு முன் மழை பிடித்தது. பாலத்தடியில் ஒதுங்கினோம். அங்கே ஏற்கனவே இருபது மோட்டார்கள் நின்றன.

"வளைவுல என்னைப் பார்க்காத. வளைவு எங்க முடியுதோ அங்க பாரு," என்றார் அப்பா. பிறகு என் மோட்டாரைச் சுற்றி வந்து, சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எண்ணெய் விடணும்," என்றார்.

கைப்பேசியில் அந்த நீல ஆர்25 இன்னும் இருக்கிறது. உங்கள் முகப்புப் படத்தையும் மாற்றச் சொல்லமாட்டேன். எனக்குப் பி முடிய இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அது வரை அது அங்கேயே இருக்கட்டும்.