நாலு பேர் அறையும் நூறு பேர் கணக்கும்

வெளிமாநிலத் தொழிலாளர்கள் தமிழ் கற்றே தீர வேண்டும் என்று புதுச் சட்டம் வந்துவிட்டதாமே? அவர்கள் மொழியில் எச்சரிக்கைப் பலகை வைக்காவிட்டால் ஆலை உரிமம் போய்விடுமா? தமிழ்நாட்டு ஆலைச் சுவரில் இந்தியில் எழுது என்று சொல்ல இவர்கள் யார்?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் அமலுக்குக் கொண்டுவந்த பிறகு, சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கமிருந்து வரும் கடிதங்கள் இந்த மூன்று கேள்விகளையே சுற்றி வருகின்றன. 2026 தீபாவளி நவம்பர் 8. அதற்குள் பட்டாசுச் சரக்கு லாரி ஏறியாக வேண்டும். உள்ளூர் ஆள் போதாத இடத்தில் ஒப்பந்தக்காரர் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ ஆள் கொண்டுவந்து இறக்குகிறார். கடிதங்களில் இருக்கும் அவசரம் புரிகிறது.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. அப்படி ஒரு சட்டம் இல்லை. அரசியல் சட்டத்தின் 19-ஆம் கூறு இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கும் போகலாம், தங்கலாம், தொழில் செய்யலாம் என்கிறது. மொழித் தேர்வு எழுதிவிட்டுப் போ என்று சொல்லவில்லை. மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவதுதான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. ஆலை அறிவிப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று நம் சட்டம் முடிவு செய்த விதம் எனக்கு நெடுநாளாக உறுத்தும் ஒன்று.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 108-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. புதிய தொகுப்புகளில் ஒன்று அந்தச் சட்டத்தையே விழுங்கிவிட்டது என்றாலும், ஆலை வாசல்களில் இன்று தொங்கும் பலகைகள் அந்தப் பிரிவைப் பார்த்து எழுதப்பட்டவை. அது மூன்று விஷயங்களைச் சொன்னது. அறிவிப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆலையில் உள்ள தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும். ஆலையின் முதன்மை வாசலிலோ அதன் அருகிலோ எளிதில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

ஆங்கிலம் ஏன் என்று கேட்டால், ஆய்வாளர் படிக்க. வெடிமருந்து அடைக்கும் ஆள் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை என்பது சட்டம் எழுதியவருக்கும் தெரிந்திருக்கும். அதைக்கூட விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது 'பெரும்பான்மை' என்ற சொல். நூறு பேர் வேலை செய்யும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். எழுபது பேர் சுற்று வட்டாரத்துக்காரர்கள், முப்பது பேர் ஒடிசாக்காரர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்தால் சட்டம் நிறைவேறிவிட்டது. மீதி முப்பது பேருக்குப் புரிந்ததா என்று ஆய்வாளர் கேட்க வேண்டிய கட்டாயம் அந்தப் பிரிவில் இல்லை. ஆலைக்காரர் மீறியது எதுவும் இல்லை. பதிவேட்டில் டிக் விழும்.

இதோடு வெடிபொருள் விதிகளை வைத்துப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும். பட்டாசு ஆலையில் ஆபத்தை அறை அறையாகத்தான் எண்ணுகிறார்கள். ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது (நாலு பேர் என்பது இந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு), இத்தனை கிலோவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதே இந்த விதிகளின் உயிர். மொழியை மட்டும் சட்டம் ஆலை முழுவதற்குமாகக் கூட்டி எண்ணியது. ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஆட்கள் பிரிந்து உட்காருவதில்லை. ஒரே ஊர்க்காரர் நாலு பேர் ஒரே அறையில் இருப்பார்கள். அந்த அறையைப் பொறுத்தவரை ஒடியாதான் நூற்றுக்கு நூறு பெரும்பான்மை. பலகையோ வாசலில், தமிழில்.

இதே தொழிற்சாலைகள் சட்டத்தில் 108-க்கு நேர்மாறான பிரிவும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, 1987-இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, 'எல்லாத் தொழிலாளர்களின்' பாதுகாப்புக்கும் தேவையான தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் தர வேண்டியது ஆலைப் பொறுப்பாளரின் கடமை என்றது. போபால் ஆலையில் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஆனால் எல்லோருக்கும் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று அளப்பது கடினம். வாசலில் பலகை இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. எது ஆய்வில் நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

புதிய 'தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு 2020' இதைச் சரிசெய்ததா? அறிவிப்பு எந்த மாதிரி, எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை அரசு வகுக்கும் விதிகளுக்கு அது விட்டுவிட்டது. மொழியை அறை வாரியாக எண்ண வேண்டும் என்று விதியில் எழுத இடம் இருக்கிறது. எழுதுவார்களா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தொகுப்பைப் பற்றிய அரசு விளம்பரங்கள் 'எல்லோருக்கும் நியமனக் கடிதம்' என்று பெருமைப்படுகின்றன. நல்லதுதான். அதை வாங்குகிறவர் படித்துப் புரிந்துகொள்வாரா என்பதை விளம்பரம் தொடவில்லை.

ஒன்றை இழந்தும் இருக்கிறோம். 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் தர வேண்டும் என்றது. எங்கே வேலை, எத்தனை நாள், கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தொழிலாளியின் மொழி இவை இரண்டும் இல்லையென்றால் அவருடைய மொழியிலும் இருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் இருந்த அளவுக்கு அது தொழிலாளியின் பையில் இருந்ததில்லை. ஆனாலும் ஒரு மனிதனின் சொந்த மொழியைக் கேட்டு எழுது என்று சொன்ன விதி அது. புதிய தொகுப்பில் அந்தப் புத்தகம் இல்லை. அதன் இடத்தில் இணையத் தரவுத்தளம் வந்திருக்கிறது. ஐந்து வெளிமாநிலத்தவர் இருந்தாலே பொருந்திய சட்டம் இப்போது பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும்.

இந்த இடத்தில் அச்சங்குளத்தைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. 2021 பிப்ரவரி 12 அன்று அங்கிருந்த பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் எட்டுப் பேர் குழுவை அமைத்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஊர்க்காரர்கள், தமிழ் பேசியவர்கள். பலகையைப் படிக்க அவர்களுக்கு மொழி தடையாக இருக்கவில்லை. ஆகவே விபத்துக்கு விபத்து 'தொழிலாளர்களிடையே விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லும் அதிகாரிகளும், இப்போது 'வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு மொழி தெரியாததுதான் பிரச்சினை' என்று சொல்ல ஆரம்பித்திருப்பவர்களும் அச்சங்குளத்துக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

அந்த ஆலையில் உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகைக்கு எடுத்த பலர் கையிலும் இருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. மொழிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சட்டம் 'விளக்கிச் சொல்' என்ற கடமையை ஆலைப் பொறுப்பாளரின் தலையில் வைக்கிறது. உள்குத்தகையில் அவர் ஆலைக்கே வராமல் இருக்கலாம். வேலை வாங்குகிறவர் குத்தகைக்காரர். ஆள் கொண்டுவந்தவர் ஒப்பந்தக்காரர். உத்தரவு போடுகிறவர் ஃபோர்மேன். ஒடியா பேசும் ஆளுக்கு அவருடைய மொழியில் விளக்க வேண்டியவர் இவர்களில் யார் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

விளக்க வேண்டியது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 'புகை பிடிக்காதே' என்பதற்குப் படம் போதும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானாகவே சூடேறும், அதனால் மீந்த மருந்தை ராத்திரி அறையில் வைக்கக் கூடாது, அது எரிந்தால் தண்ணீரை அள்ளி ஊற்றக் கூடாது என்பதைப் படத்தால் சொல்ல முடியாது. தீயைக் கண்டால் தண்ணீர் தேடுவது மனித இயல்பு. இயல்புக்கு எதிராக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் காரணத்தோடு சொல்ல வேண்டும்; காரணம் சொல்ல மொழி வேண்டும். கலவை உராயக் கூடாது என்பதும் அப்படித்தான். எவ்வளவு அழுத்தினால் உராய்வு, எவ்வளவு வரை சரி என்பது கையும் வாயும் சேர்ந்து கற்றுத்தரும் பாடம். இந்த ஊர்ப் பெண்கள் அதைப் பலகையில் படித்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்த மதினியிடமும் அத்தையிடமும் வருஷக்கணக்கில் திட்டு வாங்கிக் கற்றார்கள். புதிதாக வந்த ஆளுக்குத் திட்டும் புரியாது. அவர் பக்கத்தில் இருப்பவரும் அவரைப் போலவே போன வாரம் வந்தவர். இதற்கு மேல் எண்ணிக்கைக் கூலி. வேகமாகச் செய்தால்தான் காசு என்பதை மட்டும் எந்த மொழிபெயர்ப்பாளரும் இல்லாமல் எல்லோரும் புரிந்துகொண்டுவிடுகிறார்கள்.

வேறு வழி உண்டா? விருதுநகர் மாவட்டத்துப் பையன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனால், தளத்தில் கால் வைக்கும் முன் பாதுகாப்பு அறிமுக வகுப்பில் தேற வேண்டும். அந்த வகுப்பு தமிழிலும் கிடைக்கிறது, வங்காளத்திலும் சீனத்திலும்கூட. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் மட்டும் வந்த சலுகை இல்லை. வங்காளம் ஆட்சிமொழி இல்லையே. பிரிட்டனின் 1999-ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தொழிலாளிக்குத் தரும் தகவல் அவருக்குப் புரியக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்புத் துறை 2010-இல் இதே பொருளில் சுற்றறிக்கை விட்டது: பயிற்சி தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் புரியும் சொற்களிலும் இல்லையென்றால் பயிற்சி கொடுத்ததாகவே கணக்கில் வராது. மூன்று இடத்திலும் அளவுகோல் தனி ஆள். இங்கே அளவுகோல் பெரும்பான்மை.

நம் சட்டத்திலேயே தனி ஆளை எட்டிப் பார்த்த விதி ஒன்று உண்டு. 2017-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் சேர்த்த 17ஏ பிரிவு, வேலைக்கு எடுக்கும்போதே இழப்பீட்டு உரிமையை எழுத்தில் சொல்ல வேண்டும், 'தொழிலாளிக்குப் புரியும்படி' சொல்ல வேண்டும் என்றது. உடனே ஒரு வேலியும் போட்டது: ஆங்கிலம், இந்தி அல்லது வேலை நடக்கும் பகுதியின் ஆட்சிமொழி. ஒடியாவும் சந்தாலியும் பேசுகிறவர் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி: இந்தியில் எழுது என்று சொல்ல இவர்கள் யார்? கரிசல் காட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இந்த மண்ணில் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாகப் பல தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் எத்தனை! தெலுங்கு தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கதையைக் 'கோபல்ல கிராமம்' என்று எழுதிய கி. ராஜநாராயணன் இடைசெவல்காரர், அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது தமிழுக்காக. அந்தக் குடும்பங்களைத் தமிழ் கற்க வைத்தது சந்தையும் விவசாயமும் அக்கம்பக்கமும். அதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. சிவகாசித் தொழிலே 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில் தொடங்கியது. போன இடத்தில் யாரோ அவர்களுக்குப் புரியும்படி சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.

என் கருத்தைக் கேட்டால், இங்கே தங்கப் போகிறவர் தமிழ் கற்பது அவருக்கு நல்லது. கடையில் ஏமாறாமல் இருக்க, ஆஸ்பத்திரியில் வலியைச் சொல்ல, கூலிக்காகச் சங்கத்தில் பேச அது உதவும். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். அவர் மருந்து அறைக்குள் போவது நாளைக் காலை. அந்த இடைவெளிக்கான பொறுப்பு உத்தரவு போடுகிறவருடையது. உத்தரவு தொழிலாளியின் மொழியில் இருக்க வேண்டும் என்பது இந்தித் திணிப்பு ஆகாது. வருகிறவர்கள் எல்லோரும் இந்திக்காரர்கள் என்று நினைத்து இந்திப் பலகை வைத்துவிட்டு ஓய்வது வேண்டுமானால் ஒருவகைத் திணிப்பு.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கேரளத்தில் என்ன செய்தார்கள்? 2017-இல் எழுத்தறிவு இயக்கம் பெரும்பாவூரில் 'சங்காதி' என்ற திட்டத்தைத் தொடங்கி வெளிமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் கற்றுக்கொடுத்தது. தனிப் பாடப்புத்தகமும் போட்டது.

பிள்ளைகள்? தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடம். அவர்கள் அப்பாவைவிட முந்திக் கற்றுவிடுவார்கள்.

ரேஷன்? 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் உண்டு. தமிழ் தேவையில்லை, கைரேகை போதும்.

வெளிநாடு போகும் நம் பிள்ளைகளுக்கு? பிரிட்டனின் திறன்தொழிலாளர் விசாவுக்கு ஆங்கிலத் தகுதி 2026 ஜனவரி 8 முதல் ஒரு படி உயர்ந்து பி2 ஆகிவிட்டது.

சொன்னதைக் கேட்காமல் காயம் பட்டால் இழப்பீடு இல்லையா? வெளிப்படையாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினார் என்று முதலாளி வாதிடலாம். சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த வாதம் செல்லாது. மற்றக் காயங்களில், உத்தரவு எந்த மொழியில் சொல்லப்பட்டது என்று தொழிலாளியின் வழக்கறிஞர் கேட்க வேண்டும்.