உங்களுக்குத் தெரியுமா? அழுதுவிட்டால் கூத்தில் ஒப்பாரி பாடுவது கடினம்!

சேலம், நாமக்கல் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் தெருக்கூத்து இரவில் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். ‘கர்ண மோட்சம்’ கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி புலம்பும்போது கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பாடுகிறவர் மட்டும் நிஜமாகவே அழுதுவிடக் கூடாது.

காரணம் தொண்டைக்குள் இருக்கிறது. துக்கம் பொங்கும்போது உடம்பு அதிகக் காற்றைக் கேட்கிறது. குரல்வளை அகலத் திறக்கப் பார்க்கிறது. ஆனால் எச்சில் விழுங்கவோ பாடவோ அது மூடியே ஆக வேண்டும். இந்த இழுபறியைத்தான் ‘தொண்டை அடைக்கிறது’ என்கிறோம். மூச்சு விக்கும், சுருதி நிற்காது. பயமோ கோபமோ வந்தால் கழுத்துத் தசை இறுகிக் குரல் கீச்சிடும்.

தேர்ந்த கூத்துக்காரர் அழுகையின் சாயலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்: சொல்லின் நுனியில் ஒரு நடுக்கம், வரி முடிவில் இறங்கும் இழுப்பு, முகாரி ராகம். அடிவயிற்று மூச்சு குலைவதில்லை. அவர் விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும் சில நொடிக்குள் அடுத்த மூச்சை நிரப்பிக்கொள்கிறார். எத்தனை அருமையான ஏற்பாடு! ‘உணர்ச்சியோடு பாடு’ என்று மட்டும் சொல்லும் பாட்டு வாத்தியார்கள் ஒருமுறை இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

குரலும் உணர்ச்சியும் சேரும் விதத்தைப் பழைய நாடகக் கலை நூலான நாட்டிய சாஸ்திரமும் பேசுகிறது: குரல் எழும் இடங்களை மார்பு, கழுத்து, தலை என மூன்றாகப் பிரிக்கிறது. சோகச் சுவைக்கு அது சொல்லும் சுரங்கள் காந்தாரமும் நிஷாதமும்.