உங்களுக்குத் தெரியுமா? வாடகை வீட்டுச் சாமான்களுக்கும் காப்பீடு உண்டு!

வீடு அடுத்தவருடையது, உள்ளே இருக்கும் டிவி, ஃபிரிட்ஜ், பீரோ எல்லாம் உங்களுடையவை. கட்டடத்தை விட்டுவிட்டு இந்தச் சாமான்களுக்கு மட்டுமே ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி எடுக்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த இந்தப் பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தீ, மின்னல், புயல், வெள்ளம் எல்லாம் இதில் அடக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதை நம் கிருஷ்ணகிரி மாவட்டம் மறக்காது. கே.ஆர்.பி. அணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் காவேரிப்பட்டினத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பாலிசி வீண்செலவே அல்ல.

திருட்டில்தான் சிக்கல். வெள்ளமோ தீயோ வந்து, அதையொட்டி 7 நாளுக்குள் நடந்த திருட்டுக்குத்தான் அடிப்படை பாலிசியில் பணம் கிடைக்கும். சும்மா இருந்த வீட்டில் பூட்டை உடைத்தால் அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

சில கிரெடிட் கார்டுகள் இங்கே கொஞ்சம் கைகொடுக்கும். அந்தக் கார்டில் வாங்கிய பொருள் குறிப்பிட்ட நாள்களுக்குள் தீயிலோ திருட்டிலோ போனால் ஈடு உண்டு. எந்தப் பொருளுக்கு, எத்தனை நாள் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். பாலிசி, கார்டு இரண்டும் வைத்திருந்தாலும் 40,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு 80,000 வராது. நஷ்டம் எவ்வளவோ அதற்கு மேல் கிடையாது.

பில், கார்டு ஸ்டேட்மென்ட், சீரியல் நம்பர் மூன்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். திருட்டு நடந்தால் காவல் நிலையத்தில் புகாருக்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல், எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள்.