தண்டாலுக்குப் பிறகுதான் கர்லாக்கட்டை

மைசூரின் பழைய தெருக்களில் கரடி மனை எனப்படும் குஸ்திக் கூடங்கள் இன்னும் இருக்கின்றன. செம்மண் களம், சுவரில் அனுமார், மூலையில் கர்லாக்கட்டையும் கதையும். தசரா குஸ்திக்கு உடம்பைத் தேற்றுகிற இடம் இது. புதிதாக வரும் பையனிடம் எடுத்த எடுப்பில் கதையைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் தண்டாலும் பஸ்கியும், அதாவது தன் உடம்பே பாரம். பிறகு கர்லாக்கட்டை, அதற்கும் பிறகுதான் கதை. எடைப் பயிற்சிக்குப் புதியவருக்கு இதைவிட நல்ல வரிசை எந்த ஏசி ஜிம்மிலும் கிடைக்காது.

கதை என்பது நீண்ட கம்பு, நுனியில் கனத்த குண்டு. குண்டை ஒட்டிப் பிடித்தால் சுலபமாகத் தூக்கிவிடலாம். பிடி கீழே இறங்க இறங்க மணிக்கட்டு நடுங்கத் தொடங்கும். எடை கூடவில்லை, கைக்கும் குண்டுக்கும் உள்ள தூரம்தான் கூடியது. கம்பு கிடைமட்டமாக இருக்கையில் அந்தத் தூரம் இரட்டித்தால், குண்டு மணிக்கட்டைத் திருப்பும் விசையும் இரட்டிக்கும். பிடியை ஒரு விரல்கடை மாற்றினாலே பாரம் மாறிவிடுகிறது!

இப்படிச் சிறுகச் சிறுகப் பாரம் ஏற்றுவதை மருத்துவ முறையாக்கியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு எடை தூக்கப் பழக்கி, 1945இல் அதைப் பற்றி எழுதினார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவென்று பார். அதில் பாதியோடு ஒரு செட், முக்காலோடு ஒரு செட், முழுசாக ஒரு செட். பின்னாளில் அவர் வகுத்த கணக்கு இவ்வளவுதான்.

புதியவருக்கு வாரம் 2 அல்லது 3 நாள் போதும், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. பஸ்கி, தண்டால், ஓர் இழுப்புப் பயிற்சி, தரையிலிருந்து எடை தூக்குவது என்று நாலே அசைவுகளில் உடம்பு முழுக்க வேலை செய்துவிடும். 8 முதல் 12 முறை தூக்கக்கூடிய எடை சரி. அதற்கு மேலும் ஒன்றிரண்டு முறை அலுங்காமல் வந்தால் 2 முதல் 10 சதவீதம் ஏற்றலாம். கைக்குக் குறைவாக, காலுக்குக் கொஞ்சம் தாராளமாக.

முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று ஏறும், கண்ணாடியில் மட்டும் ஒன்றும் தெரியாது. அப்போது பழகுவது பெரும்பாலும் நரம்புகள். கூடுதல் தசைநார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்கக் கற்றுக்கொள்கின்றன. சதை பருப்பது அப்புறம்தான். இது தெரியாமல் இந்தக் கட்டத்தில் ஜிம்மை விட்டு ஓடுகிறவர்கள் ஏராளம். மறுநாள் சதை வலித்தால் பயமில்லை, மூட்டில் சுருக்கென்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். மூச்சை அடக்கித் தூக்கவும் கூடாது. தூக்கும்போது விட்டு, இறக்கும்போது இழுக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்கலாம்.