வால் போன வண்டி

ராஜபாளையம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நூல் மில்லா, நாயா? வெள்ளை உடம்பும் சிவந்த மூக்கும் நீண்டு மெலிந்த வாலுமாக நிற்கிற அந்த நாய்க்கு வாலே ஓர் அழகு. அந்த ஊர்ப் பையன்களில் சிலரோ, பந்தய மாதிரி மோட்டார் சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததுமே அதன் வாலை வெட்டிவிடுகிறார்கள்!

வண்டிக்கு ஏது வால் என்கிறீர்களா? யமஹா ஆர் 15, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 போன்ற வண்டிகளைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். முன்னால் குனிந்து, பின்னால் தூக்கி, பாயப் போகிற வெட்டுக்கிளி மாதிரி நிற்கும். தூக்கிய அந்தப் பின்பக்கத்துக்குக் கீழே கறுப்பு மட்கார்டு ஒன்று தொங்கும். நம்பர் பிளேட், அதன் மேல் விழ ஒரு குட்டி வெள்ளை விளக்கு, இரண்டு பக்கமும் இண்டிகேட்டர், சிவப்பு ரிப்ளெக்டர் எல்லாம் அதோடு சேர்ந்தவை. "பார்க்கச் சகிக்கவில்லை" என்பது பையன்கள் கட்சி. ஸீட்டைக் கழற்றி, நாலைந்து போல்ட்டைத் திருகி, ஒயர்களைப் பிரித்தால் முழு வாலும் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. நம்பர் பிளேட் வானத்தைப் பார்க்கும். இண்டிகேட்டர்கள் சுண்டுவிரல் பருமனாகிவிடும். பின்விளக்கின் மேல் கறுப்புத் தாள் ஒட்டியாயிற்றென்றால் அலங்காரம் பூர்த்தி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பார்க்க அழகாகத்தான் இருக்கிறது!

இது பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், "வாம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைத் தரிசித்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு வரலாம்" என்று அவன் கூப்பிட்டால் பின் ஸீட்டில் ஏறப் போகிறவர் நீங்கள்தானே? அவன் கழற்றி எறிந்த ஒவ்வொரு சாமானும் உங்களுக்காக வைக்கப்பட்டது.

சேலை கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தின் இடப்பக்கத்தில் கம்பியாகவோ தகடாகவோ இருக்குமே, அதுதான். மட்கார்டுக்கு முன்பே அது போய்விடும். புது வண்டியைக் கடையிலிருந்து எடுக்கும்போதே "அது வேண்டாம்" என்று சொல்லிவிடுகிற பையன்களும் உண்டு. சேலை கட்டியவர்கள் ஒருக்களித்து உட்காருவது இடப்பக்கம். பெரும்பாலான வண்டிகளில் சங்கிலி ஓடுவதும் அதே இடப்பக்கம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இந்த வண்டிகளின் சக்கரம் ஒரு வினாடியில் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். முந்தானை நுனியோ தாவணித் தலைப்போ அதில் சிக்கினால், "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் துணி சுருண்டு ஆளைக் கீழே இழுத்துவிடும். சுரிதாரின் துப்பட்டா கழுத்தைச் சுற்றி இருந்தால் இன்னும் மோசம். நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. பின்னால் ஆள் ஏறுகிற மோட்டார் சைக்கிளில் பிடித்துக்கொள்ள நிரந்தரமான பிடி, காலை ஊன்ற ஒரு படி, பின்சக்கரத்தில் பாதியாவது மறைகிற மாதிரி துணி சிக்காத தடுப்பு, இம்மூன்றும் இருந்தே ஆகவேண்டும். சர்க்காரின் சட்டப் புத்தகத்தில் நம் முந்தானைக்கும் ஓர் இடம் இருக்கிறது, பாருங்கள்!

மட்கார்டு போனால் ஐப்பசி மழையில் இன்னொரு வேடிக்கை. சக்கரம் வாரி எறிகிற சேறு, முதுகில் ஒரே கோடாக ஏறும். வீட்டுக்கு வந்து பட்டுப் புடவையை அவிழ்க்கும்போதுதான் தெரியும்.

புடவையைத் துவைத்துக்கொள்ளலாம், விளக்கு விஷயம் அப்படியல்ல. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அது திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை போகிற தேசிய நெடுஞ்சாலை. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரிகளும், ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிய மில் வண்டிகளும் இரவில் அதே ரோட்டில்தான் வருகின்றன. ரிப்ளெக்டர் என்பது மின்சாரமே வேண்டாத விளக்கு. பல்பு போய்விட்டாலும், பின்னால் வரும் லாரியின் வெளிச்சத்தை அதற்கே திருப்பிக் காட்டி "இங்கே ஆள் இருக்கிறது" என்று சொல்லும். மட்கார்டோடு அதையும் கழற்றி, மிஞ்சிய சிவப்பு விளக்கின் மேல் கறுப்புத் தாளையும் ஒட்டிவிட்டால், லாரிக்காரர் எதைப் பார்த்து பிரேக் போடுவார்?

எல்.இ.டி. விளக்கு என்றாலே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். கம்பி பல்பு முழுப் பிரகாசத்துக்கு வரச் சுமார் 2/10 வினாடி ஆகும், எல்.இ.டி. பட்டென்று எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அந்த நேரத்தில் மூன்று மீட்டர் தூரம் மிச்சம். இப்போது வருகிற பந்தய மாதிரி வண்டிகள் பலவற்றில் கம்பெனியே எல்.இ.டி. பின்விளக்கு வைத்துவிடுகிறது. வம்பெல்லாம் கடையில் வாங்கி மாட்டுகிறவற்றில்தான். பிரேக் பிடித்தால் பளிச்சிட வேண்டிய விளக்கு, பிடிக்காதபோதும் அதே பிரகாசத்தில் எரிந்தால் பின்னால் வருகிறவருக்கு என்ன புரியும்? சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.இ.டி.யைப் போட்டால் ரோஜா நிறத்தில் சோகையாக எரியும். இண்டிகேட்டர் நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவைதான் கண் சிமிட்டலாம். பழைய ரிலேயை மாற்றாமல் சின்ன எல்.இ.டி.யை மாட்டினால், மின்சாரம் குறைவாக இழுக்கிறதே, பல்பு போய்விட்டது என்று ரிலே எண்ணிக்கொண்டு படபடவென்று அடித்துத் தள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது? பதிவுப் புத்தகத்தில் உள்ள, கம்பெனி வகுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 2019 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் வந்த வண்டிகளின் நம்பர் பிளேட்டை ஒரு தடவை பூட்டினால் திரும்பப் பூட்ட முடியாத பூட்டு வைத்து மாட்டியிருப்பார்கள். அதை வளைத்து இடம் மாற்ற வேண்டுமென்றால் பூட்டை உடைத்துத்தான் ஆகவேண்டும்.

இதையெல்லாம் பையனிடம் படித்துக் காட்டினால் அவன் காதில் ஏறுமோ, ஏறாதோ! அபராதத் தொகை ஏறலாம். எனக்குத் தெரிந்த சுலபமான வழி வேறு. அடுத்த தடவை அவன் கோயிலுக்குக் கூப்பிடும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். வண்டியின் பின்பக்கத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். "சேலை கார்டு எங்கேடா?" என்று மட்டும் கேளுங்கள். மட்கார்டும் சேலை கார்டும் பெரும்பாலும் எங்கும் போயிருக்காது. பழைய அட்டைப் பெட்டியில், நட்டும் போல்ட்டும் சேர்த்து, உங்கள் வீட்டுப் பரணிலேதான் இருக்கும். கழற்றத் தெரிந்தவனுக்கு மாட்ட அரைமணி போதும். அதுவரை நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருங்கள். நடை சாத்துவதற்குள் போய்விடலாம்.